கந்தக மண்ணின் மாணாக்கரும் கல்லூரியின் கடமையும்

ஆய்வுக்கூடத்தில் அமிலம் பட்ட கைக்கு மருந்திட முதலுதவிப் பெட்டி உண்டு. விளையாட்டுத் திடலில் கால் பிசகினால் கட்டுப்போட ஆள் உண்டு. ஆனால் உள்ளம் நொந்து, உணவு செல்லாமல், உறக்கம் வாராமல், வகுப்பின் கடைசி இருக்கையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் மாணாக்கருக்குக் கல்லூரிகள் வைத்திருக்கும் மருந்து யாது? 'படிப்பில் நாட்டமில்லை' என்று ஒரு தொடரில் தீர்ப்பெழுதி, வருகைப் பதிவேட்டில் ஒரு சுழியும் இட்டுவிடுவதே பெரும்பாலும் நிகழ்கின்றது. இந்நிலை மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இது மிகைப்படுத்திய அச்சமன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணாக்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேர். ஒரு வகுப்பறை நாள்தோறும் வெறுமையாகின்றது எனலாம். இத்துயரின் வேர்களை விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து மாணாக்கரை முன்னிறுத்தி ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

மனநலம் என்பது மேலைநாட்டார் தந்த புதுச்சரக்கு என்று கருதுவோர் உளர். அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகையை எட்டாகப் பகுத்த தொல்காப்பியர், அவ்வெட்டனுள் ஒன்றாகிய அழுகை பிறக்கும் களங்களை நான்காக வரையறுத்தார். பிறரால் இகழப்படுதல் ஒன்று, உரியவரையோ உரியவற்றையோ இழத்தல் ஒன்று, முன்னிருந்த நிலை கெட்டு வேறாதல் ஒன்று, வறுமை ஒன்று. தேர்வுக்காக இதனை மனனம் செய்யும் நம் மாணாக்கர், தம் வாழ்விலேயே இந்நான்கும் நடமாடுவதை அறிவர். சிவகாசிச் சீமையில் இந்நான்கும் ஒருங்கே கூடி நிற்பதை நாமும் அறிதல் வேண்டும்.

வறுமை

வானம் பார்த்த கரிசலில் வேளாண்மை பொய்த்தபோது இம்மக்களுக்குக் கைகொடுத்தவை தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அத்தொழில்கள் ஈட்டிய செல்வமே கல்லூரிகளாகவும் மலர்ந்தது. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் சிவகாசியில் தோன்றின. பட்டாசு ஆலையின் பெயரைத் தாங்கிய ஒரு மகளிர் கல்லூரி வேறெந்த மண்ணில் தோன்றியிருக்க இயலும்?

ஆயினும் இதே மண்ணில்தான் பள்ளி செல்ல வேண்டிய பிஞ்சுகள் விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆலைக்குச் சென்றனர். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் நிலையிலிருந்து எழுந்ததே. அன்று பெட்டி ஒட்டிய சிறுமியரின் மக்களே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர்கள் இவர்கள். இவர்தம் தோளில் புத்தகப் பையுடன் ஒரு குடும்பத்தின் கனவும் ஏற்றப்பட்டுள்ளது. 'உனக்காகத்தானே இந்த மருந்துக்குள் கிடக்கிறேன்' என்று தாய் அன்பால் சொல்லும் சொல், மகனின் நெஞ்சில் திருப்பித் தரவியலாக் கடனாகப் பதிந்துவிடுகின்றது. ஒரு தாளில் தோற்றால் அவன் தோற்றது தேர்வில் மட்டுமன்று. தாயின் உழைப்புக்குத் தான் இரண்டகம் செய்துவிட்டதாகவே அவன் எண்ணுகின்றான்.

பட்டாசுத் தொழிலோ நிலையற்றது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதித்த தடை சூழல் காக்க எழுந்தது. அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் ஆலை மூடப்படும் ஒவ்வொரு முறையும் கூலி நிற்கின்றது. முன்பணக் கடன் வளர்கின்றது. கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகின்றது. விடுமுறை நாள்களில் மாணாக்கரே ஆலைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குச் செல்லுதல் இங்குப் புதிதன்று. மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டமை பாராட்டுக்குரியது. பசிக்கு அது துணை. பதற்றத்துக்கு வேறு துணையும் வேண்டும்.

இழவு

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி; 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம்; 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையம்; 2024 மே 9இல் செங்கமலப்பட்டி; 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. பட்டாசு விபத்துகளின் நீண்ட பட்டியலில் இவை சிலவே. ஊரின் பெயரைச் சொன்னாலே இங்குள்ளோர்க்கு உடல் நடுங்கும். உராய்வு ஒன்று போதும். கலவையில் சிறு பிழை போதும். கோடைவெயிலின் வெம்மை போதும். அறை தரைமட்டமாகின்றது.

வெடியோசை கேட்டவுடன் வகுப்பிலுள்ள மாணவியின் நினைவு எங்கே செல்லும்? தாய் பணிபுரியும் ஆலை எது, தந்தை இன்று சென்ற அறை எது என்றுதானே? விபத்தில் ஒருவரையும் இழவாதவரும் இவ்வச்சத்தை நாள்தோறும் சுமக்கின்றனர். இழந்தவர் நிலையோ சொல்லில் அடங்காது. நிவாரணத் தொகை வருகின்றது. ஆறுதல் கூறப் பெரியோர் வருகின்றனர். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். இது நன்றியுடன் நினைக்கத்தக்க அறிவிப்பு. ஆயின், பதினாறாம் நாள் முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் அம்மாணவனை எதிர்கொள்வது யாது? வருகைக் குறைவுக்கு விளக்கக் கடிதம், தண்டக் கட்டணம், தவறிய அகமதிப்பீட்டுத் தேர்வு ஆகியனவே. துயரத்தை 'வராமை' என்று மட்டுமே படிக்கத் தெரிந்த பதிவேடு, மனிதரை அறியாப் பதிவேடாகும்.

நிலைமாற்றம்

2023ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது விருதுநகர் மாவட்டம். இச்சாதனைக்குப் பின்னே விடியற்காலைப் படிப்பும், நாள்தோறும் தேர்வும், ஆசிரியர்தம் இடைவிடாக் கண்காணிப்பும் உள்ளன. அங்ஙனம் கைபிடித்து நடத்தப்பட்ட பிள்ளை, கல்லூரிக்கு வந்ததும் திடீரெனக் கைவிடப்பட்டதாக உணர்கின்றான். பாடம் ஆங்கிலத்தில், விடுதி அயலூரில், கேட்பாரும் இல்லை, கண்டிப்பாரும் இல்லை. பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவன் முதற்பருவத்தில் மூன்று தாள்களில் தவறினால், தான் யார் என்பதே அவனுக்கு ஐயமாகின்றது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு பாலம் இல்லாமையே இதன் காரணம்.

இளிவரவு

பெற்றோர் கூட்டத்துக்குத் தாயை அழைத்துவரத் தயங்கும் மாணவியர் உளர். அலுமினியப் பொடி படிந்த அக்கைகளைத் தோழியர் காண்பரே என்னும் கூச்சமே அதற்குக் காரணம். அத்தாயின் கைகளே தன்னைக் கல்லூரியில் சேர்த்தன என்பதை அவளும் அறிவாள். அதனால் தன் கூச்சத்துக்கே கூசுகின்றாள். ஆங்கிலம் பிழைபடப் பேசியவனைப் பார்த்து வகுப்பே சிரிப்பதும், மதிப்பெண் வரிசையில் பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவாக்குவதும், சாதியின் பெயரால் விலகி அமர்வதும் ஆகிய இவையெல்லாம் சிறு செயல்கள் போலத் தோன்றும். ஆயின் சிறுகச்சிறுக உயிரை அரிப்பவை.

பெரியோர்க்கு ஒரு சொல்

மனம் நொந்தவரைச் 'சேட்டை பிடித்தவர்' என்றும் 'காற்றுக் கருப்பு' என்றும் ஒதுக்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. அதன் கொடிய விலையை நம் அண்டை மாவட்டத்தில் கண்டோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் கருகி மாண்டனர். தர்காவை நாடி வந்தவர்களின் நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. நம்பிக்கை ஆறுதல் தரும், சங்கிலி தராது.

இஸ்லாமிய நாகரிகத்தின் பொற்காலத்திலேயே, 934ஆம் ஆண்டு மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலுள் இணைத்து எழுதினார். உடல் நோயுறுவதுபோல் உள்ளமும் நோயுறும். இரண்டுக்கும் மருத்துவம் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆகவே மனநல மருத்துவரை நாடுவது இறைநம்பிக்கையின் குறைபாடு அன்று. பள்ளிவாசல் இமாமும், கோயில் தருமகர்த்தாவும், பங்குத்தந்தையும் இதனை வெளிப்படையாகச் சொல்வராயின் பாதி நோய் அன்றே தீரும்.

தமிழகம் இத்துறையில் பின்தங்கியதும் அன்று. டாக்டர் சாரதா மேனன் முதலியோர் 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். தற்கொலைத் தடுப்புக்கென டாக்டர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் 'ஸ்நேகா'வை நிறுவினார். மதுரையில் டாக்டர் சி. இராமசுப்பிரமணியன் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை 1992இல் தொடங்கினார். வழிகாட்டிகள் அருகிலேயே உள்ளனர்; கல்லூரிகள் கதவைத் தட்டினால் போதும்.

கல்லூரிகள் செய்யத்தக்கன

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நோக்காது கடும் மனஅழுத்தத்துக்கு ஆளானவராகவே கொள்ளுமாறு பணித்தது. 2025 ஜூலை 25இல் சுகதேவ் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்குப் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு பிரிவு பிரித்தல் ஆகாது. ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தரவேண்டும் என்பன அவற்றுள் சில. இவற்றின் அடியொற்றி நம் வட்டாரத்துக்கு ஏற்பச் சில கருத்துகளை முன்வைக்கின்றோம்.

முதலாவதாக, ஆலோசகர் நியமனம் பெயரளவில் அமைதல் கூடாது. ஏற்கெனவே பாடச்சுமை மிக்க ஆசிரியர் ஒருவர்க்கு அப்பட்டத்தைச் சூட்டுவது தீர்வன்று. ஓர் ஆலோசகர்க்குத் தனித்து ஊதியம் தரவியலாச் சிறு கல்லூரிகள், இரண்டு மூன்று கல்லூரிகளாக இணைந்து நாள்முறை வகுத்துக்கொள்ளலாம். 2022இல் திறக்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, பட்டாசு விபத்து நேர்ந்த அன்றே கல்லூரி செயற்பட வேண்டும். எந்தெந்த ஊரிலிருந்து எவரெவர் வருகின்றனர் என்னும் பட்டியல் துறைதோறும் இருக்கட்டும். விபத்துச் செய்தி வந்தவுடன் அவ்வூர் மாணாக்கரைத் தனித்தழைத்துச் செய்தியை மெல்ல உணர்த்தவும், வீடுவரை துணைசெல்லவும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கட்டும்.

மூன்றாவதாக, இழப்புக்குரிய விடுப்பு விதி வேண்டும். பெற்றோரை, உடன்பிறந்தாரை இழந்தோர்க்கு வருகைக் குறைவுக் கட்டணம் நீக்கப்பட்டு, தவறிய தேர்வு மீள நடத்தப்படவேண்டும். பல்கலைக்கழகங்கள் இதனை விதியாக்கினாலன்றி இது முதல்வர்தம் இரக்கத்தைப் பொறுத்ததாகவே நிற்கும்.

நான்காவதாக, மறைபொருள் காத்தல் வேண்டும். மாணவி மனம் திறந்து சொன்னது மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சாகுமானால், அதன்பின் ஒருவரும் வாய் திறவார். உயிருக்கு இடர் நேரும் நிலை ஒன்றே இதற்கு விலக்கு.

ஐந்தாவதாக, 2022 அக்டோபர் 10இல் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416 ஒவ்வொரு வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் எழுதப்படட்டும். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இரு மறுப்புகள்

'எங்கள் காலத்தில் இத்துன்பமெல்லாம் இல்லையா? நாங்கள் தாங்கவில்லையா?' என்பர் பெரியோர். தாங்கியவர்களே இன்று பேசுகின்றனர். தாங்கமாட்டாதவர் பேச இன்றில்லை. அக்காலத்தில் கூட்டுக்குடும்பமும் திண்ணையும் செவிகொடுத்தன. இன்று அவ்விடம் வெற்றிடமாகியுள்ளது. அதனை நிரப்பவே கல்லூரியை வேண்டுகின்றோம்.

'கல்லூரிக்குப் பணம் ஏது?' என்பது மற்றொன்று. நியாயமான வினாவே. ஆயின் மேற்கூறிய ஐந்தனுள் ஆலோசகர் ஊதியம் நீங்கலாகப் பிறவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஊர்ப்பட்டியலுக்கு ஒரு குறிப்பேடும், சுவரெழுத்துக்குச் சிறிது வண்ணமும், கேட்பதற்கு ஒரு செவியும் போதும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூற விழைகின்றோம். துன்பத்தைச் சொல்லுதல் கோழைமை அன்று. அருகிலிருக்கும் தோழன் சில நாள்களாகப் பேசாதிருப்பானாயின் அவனிடம் சென்று, 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். அறிவுரை கூறாது அவன் சொல்வதைக் கேளுங்கள். அவன் நிலை அச்சமூட்டுமாயின் தனியே விடாது, நம்பத்தகுந்த ஓர் ஆசிரியரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பட்டாசு அறையில் நால்வர்க்கு மேல் இருத்தல் கூடாது, மருந்து மிகுதியாகச் சேர்தல் கூடாது என்று விதி வகுத்துள்ளோம். அழுத்தம் மிகுந்தால் வெடிக்கும் என்பதை இம்மண் நன்கறியும். இளையோர் உள்ளத்துக்கும் அவ்வெச்சரிக்கை உரியதன்றோ? ஆலைக்கு ஒரு விதியும் மாணாக்கர்க்கு ஒரு விதியுமாக இனியும் இருத்தல் தகாது. வரும் கல்வியாண்டின் முதல்நாளிலேயே இப்பணி தொடங்கப்பெறுக!