முழுப் பல்லும் பட்டால் நல்ல கியரா?

வார்ம் கியரைச் சோதிக்க, திருகு வடிவ வார்மில் நீல மை பூசி, அதோடு இணையும் பல்சக்கரமான வீலோடு சேர்த்துக் கையால் சுற்றுகிறார்கள். பல் முழுக்கத் தடம் பதிந்தால் வேலை பிரமாதம். ஒரு பக்கமாகப் பதிந்தால் வீல் கழிவுக்குப் போகிறது. வாங்குபவர் கேட்பதும் முழுத் தடத்தைத்தான், செய்பவர் காட்டுவதும் அதைத்தான். நல்ல வீலைக் கழித்துவிட்டுக் கெட்ட வீலைப் பொருத்த வைக்கும் இந்த நம்பிக்கை ஒழிய வேண்டும்.

நீலம் பார்க்கும்போது கியரின்மேல் சுமை இல்லை. சுமை ஏறினால் வார்மின் தண்டு வளையும். பேரிங் சற்று விட்டுக்கொடுக்கும். சூட்டில் கியர்பாக்ஸே விரியும். எல்லாம் மைக்ரான் கணக்குதான். ஆனால் முழுப் பரப்பும் ஒட்டிக் கிடக்கும் பல்லில், அழுத்தம் மொத்தமும் ஒரு விளிம்பில் குவிய அதுவே போதும்.

வார்ம் கியரில் பற்கள் உருள்வதைவிடச் சறுக்குவதே அதிகம். எஃகு வார்முக்கும் வெண்கல வீலுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் வீல் தேய்ந்து தீரும். வார்ம் நுழையும் பக்கம் மெல்லிய இடைவெளி இருந்தால்தான் எண்ணெய் உள்ளே இழுபடும். ஆகவே தடம், வார்ம் வெளியேறும் பக்கமாக ஒதுங்கியிருப்பது குறையல்ல, தேவை.

இந்த இடைவெளியைத் தருவது, வீலின் பற்களை வெட்டும் கருவியான ஹாப். வார்மைவிட அதன் விட்டம் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் தடம் பல்லுக்குள் அடங்கும். தீட்டத் தீட்ட ஹாப் சிறுக்கும். அது வார்மின் அளவுக்கு வந்து சேரும்போதுதான் நீலம் பல் முழுக்கப் பதிகிறது. அதாவது, ஹாப்பை மாற்ற வேண்டிய கட்டத்தையே நாம் தரத்தின் உச்சம் என்று கொண்டாடுகிறோம்.

"ஓட ஓட வெண்கலம் தேய்ந்து பொருந்திக்கொள்ளும்" என்பார்கள். உள்ளடங்கிய தடம் அப்படி விரியும், உண்மை. விளிம்பில் உரசும் பல்லோ எண்ணெயை வழித்தெறியும், சூடேறும், வெண்கலத் துகளை எண்ணெயில் கலக்கும்.

அதற்காகத் தடத்தைக் கண்டபடி சுருக்கவும் கூடாது. அழுத்தம் ஏறிப் பல்லில் குழி விழும். எவ்வளவு போதும் என்பதைக் கண் சொல்லாது, கணக்குதான் சொல்லும். ஃபெய்டர் லிட்வின் போன்ற அறிஞர்கள் அதற்கான கணிதத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டார்கள். இரு பற்பரப்புகளுக்கு இடையே புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி, சுமையில் அது எப்படி மூடுகிறது என்பதைக் கணினியில் பார்த்துவிட்டே ஹாப்பின் விட்டத்தையும் சாய்வையும் தீர்மானிக்கலாம்.

வரைபடத்தில் 'முழுத் தொடர்பு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். சுமையின்றித் தடம் எங்கே, எந்த அளவு விழ வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுங்கள். வீலை ஏற்பதும் கழிப்பதும் அதை வைத்தே நடக்கட்டும்.