எட்டாம் கட்டைக் கைதிகள்



ஜப்பான் காலம் என்றாலே நம் தோட்டத்து வீடுகளில் சயாம் ரயில் பாதையைத்தான் பேசுவார்கள். பிடித்துக்கொண்டு போன தாத்தாவின் கதையும், மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பாட்டியின் கதையும் நாம் கேட்டு வளர்ந்தவை. அதே காலத்தில் சபாவில் நடந்த ஒரு கொடுமையோ நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அதை இன்று சொல்கிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே சரணடைந்த ஆஸ்திரேலியப் போர்வீரர்களில் சுமார் 1,500 பேரை ஜப்பானியர் அவ்வாண்டே கப்பலேற்றிச் சண்டக்கானுக்குக் கொண்டு சென்றனர். எட்டாம் கட்டையில் முகாம். விமானத்திடல் போடுவது வேலை. 1943-இல் மேலும் ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷாரும் வந்து சேர்ந்தனர். அடியும் பட்டினியும் அன்றாடமாயின. நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டில் கைதிகளை அடைத்து வைப்பதும் ஒரு தண்டனை.

அந்நிலையிலும் உள்ளூர் மக்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து மருந்தும் செய்தியும் இரகசியமாக அனுப்பினார்கள். அது வெளிப்பட்டபோது, 1944 மார்ச்சில் கூச்சிங்கில் ஆஸ்திரேலியக் கேப்டன் மாத்யூஸும் உள்ளூர்வாசிகள் எட்டுப் பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி விமானத்திடலைப் பாழாக்கின. இனிக் கைதிகளுக்கு வேலையில்லை. 1945 ஜனவரியில் அவர்களுக்கு அரிசி கொடுப்பதும் நின்றது! வேலை வாங்கும் வரைதான் சோறு என்றால், அங்கே மனிதனுக்கும் மாட்டுக்கும் என்ன வேறுபாடு?

பின்னர் காட்டு வழியே ரானாவ் வரை, சுமார் 250 கிலோமீட்டர் நடத்திச் சென்றனர். முதல் அணி 1945 ஜனவரி இறுதியில் புறப்பட்டது. நோயாளிகளின் முதுகில் ஜப்பானியப் படையின் மூட்டைகள். மே மாதம் அடுத்த அணி. நடக்க முடியாமல் விழுந்தவர்கள் கொல்லப்பட்டனர். முகாமில் விடப்பட்டவர்களும் மாண்டனர். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகும், ரானாவில் எஞ்சியிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள்.

சுமார் 2,400 பேரில் உயிர் தப்பியவர்கள் ஆறே பேர். அறுவரும் தப்பியோடிய ஆஸ்திரேலியர்கள். அவர்களுக்கு உதவியவர்கள் யார் தெரியுமா? தாங்களே பசியில் வாடிய காட்டுக் கிராமத்து மக்கள்தாம்! பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தும் உணவு கொடுத்து ஒளித்து வைத்தார்கள். தப்பியவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். முகாம் தலைவன் ஹோஷிஜிமா 1946-இல் தூக்கிலிடப்பட்டான்.

வகுப்பில் போர்ப் பாடம் நடத்தினால், "யார் சார் ஜெயிச்சது?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். ஆயுதத்தைக் கீழே போட்டவனை எப்படி நடத்தினார்கள் என்றும் அவர்கள் கேட்கப் பழக வேண்டும். ஒரு படையின் வீரத்தைப் போர்க்களத்தில் அளக்கலாம். அதன் மனிதத்தன்மையைக் கைதி முகாமில்தான் அளக்க முடியும்.

எட்டாம் கட்டையில் இன்று ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. சபா பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். மாண்ட வீரர்களோடு, ஒரு பிடி உணவை நீட்டிய அந்தக் கிராமத்துக் கைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.