பொத்தேரியில் சுவிட்சு யார் கையில்?

பொத்தேரியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டோடு தெற்கே மறைமலை நகர் வரைக்கும், கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டல்கள் வரைக்கும், கூரைகளின் மேல் சோலார் பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அடுத்து வரப்போவது பேட்டரி. பலகையும் பேட்டரியும் கண்ணுக்குத் தெரிகிற சரக்கு. இரண்டையும் ஆட்டிவைக்கும் மூன்றாவது சரக்கு ஒன்று உண்டு. சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டி. அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். இதை வாங்குவது முதலாளியின் சொந்த விவகாரம், தொழிலாளிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

பேட்டரி எதற்கு? உயர் அழுத்த இணைப்பு பெற்ற ஆலைகள் தமிழ்நாட்டில் காலையும் மாலையும் உச்ச நேரத்தில் எடுக்கும் மின்சாரத்துக்கு நூற்றுக்கு 25 கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. மாலை உச்ச நேரத்தில் சூரியன் இல்லை. ஆகவே நடுப்பகல் மின்சாரத்தைப் பிடித்துவைத்து மாலையில் செலவழிக்கிறார்கள். கணக்கு சரியான கணக்குத்தான்.

ஆனால் கணக்கைப் போடுவது யார்? 100 கிலோவாட் பலகை நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 யூனிட் தரும். அதோடு 200 யூனிட் கொள்ளும் பேட்டரி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மலிவான கன்ட்ரோலருக்கு ஒரே விதிதான் தெரியும்: வெயில் போதாவிட்டால் பேட்டரியைத் திற. பிற்பகல் 4 மணிக்கு ஒரு மேகம் வருகிறது, கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிறது, பேட்டரி திறக்கிறது. 6 மணிக்கு உச்ச நேரம் வரும்போது பேட்டரி காலி. லட்சக்கணக்கில் செலவழித்தும் அந்த 25 அப்படியே பில்லில் ஏறுகிறது! நல்ல கன்ட்ரோலர் கடிகாரம் பார்க்கும். மாலைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவைக்கும். இன்னொன்றும் உண்டு. உயர் அழுத்த பில்லில் யூனிட் கணக்கு மட்டுமல்ல, மாதத்தில் என்றைக்கோ ஒருநாள் சில நிமிடங்கள் ஏறிய அதிகபட்சத் தேவைக்கும் கட்டணம் இருக்கிறது. பெரிய மோட்டார்கள் சேர்ந்தாற்போல் கிளம்பினால் போதும். அதற்கும் பேட்டரியில் ஒரு பங்கு கையிருப்பு வேண்டும். எந்த மோட்டார் எப்போது கிளம்புகிறது என்பது யாருக்குத் தெரியும்? ஏ.சி. அறையில் விலைப்புள்ளி திறக்கும் கணக்கருக்கா, இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளிக்கா?

ஜெனரேட்டர் விஷயமும் இப்படித்தான். கரண்டு போய் டீசல் ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் மின்சாரம் தாராளமாகப் பாய்ந்தால் ஜெனரேட்டரின் சுமை குறைந்துகொண்டே போகும். மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எஞ்சின் கெடும். சுமை தலைகீழானால் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பி அது நின்றுவிடும். நொடிப் பொழுதில் சோலாரைக் குறைக்கத் தெரிந்த கன்ட்ரோலர் வேண்டும். ஜெனரேட்டர் ஓட்டுகிற தோழரைக் கேட்டால் இதை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். யாரும் கேட்பதில்லை!

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அத்தகைய இரவுக்கு அடுத்த காலையில் வெயில் காயலாம். ஆனாலும் வெறும் சோலார் வைத்த கட்டிடத்தில் ஒரு விளக்குகூட எரியாது. வாரியத்தின் லைன் செத்தால் இன்வர்ட்டரும் நிற்க வேண்டும் என்பது விதி. இந்த விதியைக் குறை சொல்லாதீர்கள். கம்பத்தில் ஏறி அறுந்த லைனை இழுக்கும் மின் ஊழியரின் உயிரைக் காக்கும் விதி இது. லைனிலிருந்து முதலில் தன்னைத் துண்டித்துக்கொண்டு, பிறகு உள்ளுக்குள் பேட்டரியைக்கொண்டு மின்சாரம் கொடுக்கிற அமைப்பு வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது முதலில் எதற்கு? மாடிப்படி விளக்கும் புகைபோக்கி விசிறியும் விடுதித் தண்ணீர் மோட்டாருமா, மானேஜர் அறை ஏ.சி.யா? கன்ட்ரோலருக்குள் இதற்கொரு வரிசைப் பட்டியல் எழுதித்தான் ஆகவேண்டும். அந்தப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டு என்று கேட்பது நம் உரிமை.

எல்லாவற்றையும்விடப் பெரிது நெருப்பு. தென் கொரியாவில் 2017 முதல் பேட்டரி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின. அந்நாட்டு சர்க்கார் அமைத்த குழு 23 தீவிபத்துக்களை ஆராய்ந்து 2019 ஜூனில் முடிவை வெளியிட்டது. அது சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று: பேட்டரியின் காவல் கருவியும், மின்மாற்றுக் கருவியும், கன்ட்ரோலரும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கவில்லை. மூன்று கம்பெனிகளிடம் மூன்று பெட்டிகளை மலிவு பார்த்து வாங்கிக் கம்பியால் கட்டினால் இதுதான் கதி. கன்ட்ரோலர் என்ன உத்தரவு போட்டாலும், சூடு மிஞ்சினால் துண்டித்துவிடும் அதிகாரம் பேட்டரியின் காவல் கருவிக்கு இருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் கம்பி வழியாக, தொழிலாளி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜினியரின் செல்போனுக்குள் அல்ல. செங்கற்பட்டுப் பக்கத்துக் கத்திரி வெயிலில் பேட்டரி அறையின் குளிர்சாதனம் நிற்கவே கூடாது.

அன்னியக் கம்பெனியின் கைவரிசையும் கவனிக்கத் தக்கது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் பல இன்வர்ட்டர்கள் திடீரென்று முடங்கின. விற்பனை உரிமைத் தகராறில் சம்பந்தப்பட்ட சரக்கு அது; காசு கொடுத்து வாங்கியவன் வீட்டுச் சுவரில் இருந்தபடியே செத்துப்போயிற்று. ஆகவே இன்டர்நெட் அறுந்தாலும் தானே ஓடக்கூடிய கன்ட்ரோலர், கடவுச்சொல் நம்மிடம், பதிவேடு நம் இடத்தில், 1979 முதல் எல்லோரும் அறிந்த மோட்பஸ் போன்ற பொது மொழி பேசும் கருவி என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். ரகசிய மொழி பேசும் கருவியை வாங்கியவன் ரிப்பேருக்கும் அதே கம்பெனியின் வாசலில்தான் நிற்பான்.

இனி ஷிப்ட் விஷயம். 2008 முதல் 2015 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம். மாலை உச்ச நேரத்தில் ஆலைகளுக்குக் கட்டுப்பாடு, விடுமுறை நாள் மாற்றம் என்று தொழிலாளியின் தூக்கமும் சாப்பாடும் கரண்டின் பின்னால் ஓடின. விவசாயத் தொழிலாளிக்கு இது புது அனுபவமா? மும்முனை மின்சாரம் நடு இரவில் வரும் என்றால் நடு இரவில் மடை திருப்பப் போனவர் அவர்தானே! மத்திய சர்க்கார் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, வெயில் நேர மின்சாரம் குறைந்தது 20 சதம் மலிவாகவும், தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரத்தில் குறைந்தது 20 சதம் அதிகமாகவும் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் இந்த விலையைப் பார்த்து, எந்த மணியில் எந்த இயந்திரம் ஓடலாம் என்று யோசனை சொல்லும். யோசனை உத்தரவாக மாற எத்தனை நாளாகும்? ஷிப்டையோ வேலை நேரத்தையோ மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 9-ஏ பிரிவு கூறியது. இப்போதைய தொழில் உறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கம்ப்யூட்டர் சொன்னது என்பதால் அந்த 21 நாள் ரத்தாகிவிடாது.

ஆகவே சங்கங்கள் விலைப்புள்ளி திறப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். கடைசித் தவணைப் பணம் போவதற்கு முன் ஒருநாள், மாலை 7 மணிக்கு, இரண்டு ஷிப்ட் தொழிலாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கு முதலில் எரிகிறது, எந்த விசிறி நிற்கிறது, அவசரப் பொத்தானை அழுத்தினால் எத்தனை நொடியில் பேட்டரி அடங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளில் நிர்வாகத்தின் கையெழுத்தையும் வாங்குங்கள்.