கலர் பழசு, முதலாளி புதுசு!

தேனி:

வெயில் கொளுத்துகிறது. கம்பம் பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெட்டிக்கடையில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, கூலா ஒரு கலர் குடுங்க!"

கடைக்காரர் பிரிட்ஜைத் திறக்கிறார். உள்ளே பூராவும் ஒரே கம்பெனி சரக்கு. உள்ளூர் கலர் கேட்டால், "இருக்கு, ஆனா கூலிங் இல்லண்ணே" என்று பதில் வருகிறது.

காரணம்? பிரிட்ஜ் கடைக்காரருடையது அல்ல. பெரிய கம்பெனி கொடுத்தது. அடுத்தவன் பாட்டிலை அதில் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை!

விழுங்கிய கதை

1977-ல் கோக்க கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. பார்லே கம்பெனியின் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் கொடிகட்டிப் பறந்தன. 1993-ல் கோக் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மூன்றையும் விலைக்கு வாங்கிவிட்டது. தம்ஸ் அப் தப்பியது. கோல்டு ஸ்பாட் கடைகளில் இருந்தே மறைந்தது!

பீர் கதையும் இதுதான். 1915-ல் தென்னிந்தியாவில் இருந்த 5 மதுபான ஆலைகளை ஒன்று சேர்த்து உருவானது யுனைடெட் புரூவரீஸ். அதன் கட்டுப்பாடு 2021-ல் நெதர்லாந்து நாட்டு ஹைனெகன் கைக்குப் போய்விட்டது. பாட்டிலில் அதே மீன்கொத்தி. முதலாளி மட்டும் வேறு!

மூடிக்கிடந்த கேம்பா கோலாவை 2022-ல் வாங்கியது ரிலையன்ஸ். அதாவது, வாங்குவது வெளிநாட்டான் மட்டும் அல்ல.

தாக்குப்பிடித்த பொவண்டோ

1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கியது காளிமார்க். அதன் பொவண்டோ, 1993-ல் அடித்த அலையில் விலை போகாமல் நின்றது.

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பொவண்டோவுக்குக் கிராக்கி எகிறியது. ஆனால் அந்தச் சூடு எத்தனை நாள் நின்றது? பிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. பாட்டில்களும் திரும்பி வந்துவிட்டன!

கம்பெனியை விற்பது அவரவர் உரிமை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்காமல் நிற்கிறவனுக்கு அலமாரியில் இடமே கிடையாது என்றால் அது என்ன நியாயம்? போட்டி செத்தால் கடைக்காரர் கமிஷனும் அவர்கள் சொன்னதுதான். குடிக்கிறவர் கொடுக்கும் விலையும் அவர்கள் சொன்னதுதான்.

சங்கம் செய்யுமா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். நாளைக்கு உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ ஒருவர் அந்தத் திராட்சையைப் பிழிந்து பாட்டிலில் அடைத்தால், அதைக் கூலாக வைக்க ஒரு தட்டு வேண்டாமா?

போராட்டம், பகிஷ்காரம் எல்லாம் அப்புறம். முதலில், பிரிட்ஜில் ஒரு தட்டு உள்ளூர் சரக்குக்கு என்று கம்பெனிகளிடம் வணிகர் சங்கம் பேசி வாங்கட்டும். முடியாது என்றால், கடைக்காரர் சொந்த பிரிட்ஜ் வாங்க கூட்டுறவு வங்கி கடன் கொடுக்கட்டும்.

ஓசி பிரிட்ஜுக்காகக் கடையையே அடகு வைத்தால், கடைசியில் கடைக்காரர் வெறும் காவல்காரர்தான்!