காய் என்றது ஒரு தீர்ப்பு! அழுகல் என்றது மறு தீர்ப்பு!

நிலம் பறிபோகிறது. பறித்தது அரசு. பறிகொடுத்தவன் நீதிமன்றப் படி ஏறுகிறான். அங்கே கேட்க வேண்டிய கேள்வி என்ன? "பறித்தது முறையா? பணம் கொடுத்தார்களா?" இதுதானே! ஆனால், அமெரிக்க நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 34 ஆண்டுக் காலம் வேறொரு கேள்வியை முதலில் கேட்டார்கள். "உன் வழக்கு கனிந்துவிட்டதா?" என்று கேட்டார்கள்!

வழக்கு என்ன வாழைத்தாரா, புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்க? நாம் கேலிக்காகச் சொல்லவில்லை தோழர்களே. அந்நாட்டுச் சட்டத்தார் கையாளும் சொல்லே அதுதான். விசாரிக்கும் பருவம் வராத வழக்கைக் 'கனியாத வழக்கு' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் 1791-ல் வந்தது. பொதுக் காரியத்துக்காகத் தனியார் சொத்தை எடுத்தால், நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் கட்டளை. கொடுக்காமல் எடுக்காதே! இரண்டே சொல்லில் அடங்கிவிடும் நீதி அது. அந்த இரண்டு சொல்லுக்கு 1985-ல் இரண்டு பூட்டுகள் போட்டது உச்சநீதிமன்றம்.

டென்னசி மாநிலத்தில் வில்லியம்சன் கவுண்டி என்றோர் இடம். கடன் பாக்கிக்காக ஒரு வங்கியின் கைக்கு வந்த மனைநிலம். அங்கே வீடுகள் கட்டும் திட்டத்துக்கு உள்ளூர்த் திட்டக் குழு அனுமதி மறுத்தது. வங்கி கூட்டாட்சி நீதிமன்றம் சென்றது. உச்சநீதிமன்றம் சொன்னது: "நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அதிகாரிகள் இறுதி முடிவு சொல்லியிருக்க வேண்டும். அது முதல் நிபந்தனை. மாநிலத்தின் வழிகளில் இழப்பீடு கேட்டு, அங்கே கைவிரித்திருக்க வேண்டும். அது இரண்டாவது நிபந்தனை. இரண்டும் முடிந்தபின் வா!"

வழக்காடியது வங்கிதானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? வங்கிக்குப் போட்ட பூட்டு, வங்கியோடு நிற்காது. காணி நிலம் வைத்திருப்பவனுக்கும் அதே பூட்டுத்தான்.

முதல் பூட்டிலே பொருள் இருக்கிறது. எதை அனுமதிப்பார்கள் என்று தெரியாமல், எவ்வளவு பறிபோனது என்று எப்படி அளப்பது? ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரண்டாவது பூட்டு? அதன் கோரம் 2005-ல் வெளிப்பட்டது.

சான்பிரான்சிஸ்கோ நகரிலே சான் ரெமோ என்றொரு ஓட்டல். குடியிருப்போர் தங்கும் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மாற்றுவதற்காக 5,67,000 டாலர் கட்டச் சொன்னது நகராட்சி. ஓட்டல்காரர்கள் மாநில நீதிமன்றம் சென்றார்கள், தோற்றார்கள். பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் வந்தார்கள். உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? "மாநில நீதிமன்றம் தீர்த்துவிட்டதே! தீர்த்ததை மீண்டும் கிளற முடியாது" என்றது!

கூலியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தொழிலாளி மேலிடத்துக்கு ஓடுகிறான். "முதலில் மேஸ்திரியைக் கேள். அவர் இல்லையென்றால் வா" என்கிறார்கள். மேஸ்திரி இல்லையென்கிறார். திரும்பி வருகிறான். "மேஸ்திரியே முடிவு சொன்னபிறகு நாங்கள் பேச என்ன இருக்கிறது?" என்கிறார்கள். போகாமல் வந்தால் காய். போய்விட்டு வந்தால் அழுகல். கனியாக இருந்த நாள் எது? அப்படியொரு நாளே இல்லை! அந்த இரண்டாவது பூட்டே தவறாக இருக்கலாம் என்று, தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் உள்ளிட்ட நால்வர் அன்றே தனியாக எழுதினார்கள். எழுதினார்களே தவிர, பூட்டு மேலும் 14 ஆண்டு தொங்கியது.

பென்சில்வேனியாவில் ஸ்காட் என்றொரு சிற்றூர். அங்கே 90 ஏக்கர் நிலம் உடைய ஓர் அம்மையார். இடுகாடு எங்கே இருந்தாலும், பகல் பொழுதில் பொதுமக்கள் வந்துபோகத் திறந்துவிட வேண்டும் என்று 2012-ல் உள்ளூராட்சி ஆணை பிறப்பித்தது. "உன் நிலத்திலே கல்லறைக் கற்கள் இருக்கின்றன" என்றார் அதிகாரி. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 300 முதல் 600 டாலர் வரை தண்டம்! மாநில நீதிமன்றம் சென்றார் அம்மையார். ஆணையை இப்போதைக்கு அமுல் செய்யவில்லை என்று உள்ளூராட்சி சொல்லவே, தீர்ப்புச் சொல்ல மறுத்தது மன்றம். கூட்டாட்சி நீதிமன்றம் சென்றார். கனியவில்லை என்று தள்ளினார்கள். இதுதான் 'நிக் வழக்கு'.

2019 ஜூனில் உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், இரண்டாவது பூட்டை உடைத்தது. பணம் கொடுக்காமல் எடுத்த அந்த நொடியிலேயே உரிமை மீறப்பட்டுவிட்டது. நேராகக் கூட்டாட்சி நீதிமன்றம் வரலாம் என்று எழுதினார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ்.

எந்தச் சட்டத்தின்படி நேராக வரலாம்? 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி! விடுதலை பெற்ற கறுப்பின மக்களை முகமூடிக் கூட்டம் வேட்டையாடிய காலம் அது. உள்ளூர் அதிகாரியும் உள்ளூர் மன்றமும் அவர்களைக் காக்கவில்லை. ஆகவேதான், மாநில அதிகாரத்தின் பெயரால் உரிமையைப் பறித்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நேராக வழக்காடலாம் என்று வழி வகுத்தார்கள். பேச்சுரிமை பறிபோனவன் நேராக வரலாம். போலீஸ் தடியால் அடிபட்டவன் நேராக வரலாம். நிலம் பறிபோனவன் மட்டும் ஊரைச் சுற்றி வரவேண்டுமா?

மறுத்தெழுதிய நால்வரின் வாதத்தை நாம் ஒளிக்கப் போவதில்லை. நிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை நன்கறிந்தது மாநில நீதிமன்றமே என்றார் நீதிபதி கேகன். மாநில உரிமையை மதிக்கும் நாம் இதை எளிதாக ஒதுக்கமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். மாநில நீதிமன்றத்தின் கதவை யார் சாத்தினார்கள்? இன்றும் அங்கே போகலாமே! போய்த்தான் தீரவேண்டும் என்ற கட்டாயம்தான் போயிற்று. மாநில உரிமை வேறு, கைப்பற்றியவன் வீட்டுத் திண்ணையிலேயே நியாயம் கேள் என்பது வேறு!

முதல் பூட்டு இன்றும் இருக்கிறது. அதையும் இறுக்கிக்கொண்டே போக முடியாது என்று 2021-ல் பாக்டெல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதிகாரிகளின் நிலை தெளிவாகிவிட்டால் போதும். இந்த மனு போட்டாயா, அந்தக் கெடுவுக்குள் போட்டாயா என்று இழுத்தடிக்கக் கூடாது.

அதே 2021 ஜூனில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. தொழிலாளத் தோழர்கள் அதையும் மறக்கக் கூடாது. கலிபோர்னியாப் பண்ணைகளுக்குள் தொழிற்சங்கத்தார் ஆண்டில் 120 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் சென்று பேசலாம் என்று 1975 முதல் ஒரு விதி இருந்தது. பண்ணை முதலாளிகள் வழக்காடினார்கள். அதுவும் சொத்துப் பறிப்பே என்று, மூவர் மறுத்தும், அறுவர் தீர்ப்பளித்தனர்!

அம்மையார் நுழையும் கதவிலே பண்ணை முதலாளியும் நுழைவார். அதற்காகக் கதவைச் சாத்தச் சொல்லலாமா? சாத்தினால், முதலாளிக்கு வேறு கதவு கிடைக்கும், வக்கீல் கிடைப்பார், காத்திருக்கப் பணமும் கிடைக்கும். வெளியே நின்று வாடுபவன் ஏழை ஒருவனே! ஆகவே கதவு திறந்தே இருக்கட்டும். எது பறிப்பு, எது பொதுநலம் என்ற போரை உள்ளே நடத்துவோம்.

கனிந்ததா என்று கேட்கும் உரிமை தோட்டக்காரனுக்கு உண்டு. வேலியைப் பிடுங்கியவனுக்குக் கிடையாது!