எந்தச் சோடி சிறந்த சோடி?

அண்மையில் ஒரு நாள் மாலை, பரந்தன் சந்தியில் பேருந்துக்காகக் காத்து நின்றோம். அருகே நின்ற மாணவர் மூவரின் வாதம் எம் செவியில் விழுந்தது. விளையாட்டுலகின் தலைசிறந்த சோடி எது என்பதே வழக்கு. ஒருவன் சங்கக்காராவும் மகேலவும் என்றான். மற்றவன் வாஸும் முரளியும் என்றான். கைத்தொலைபேசியில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் பார்க்கும் மூன்றாமவனோ, 1991க்கும் 1998க்கும் இடையில் ஆறு முறை வாகை சூடிய ஜோர்டனையும் பிப்பனையும் விட்டு அசையவில்லை.

முதலாமவனின் கட்சி இலேசானதன்று. 2006 ஜூலையில், கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்திலே, தென்னாபிரிக்காவுக்கெதிராக 14 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகள் வீழ்ந்திருந்த வேளையிற் சேர்ந்த இருவரும் 624 ஓட்டங்களைக் குவித்த பின்னரே பிரிந்தனர். சங்கக்காரா 287; மகேல 374. ஆயினும் அந்த ஆட்டத்தில் முரளி பத்து விக்கெட்டுகளைச் சாய்த்தாரென்பதை இரண்டாமவன் நினைவூட்டத் தவறவில்லை. வாஸ் 355, முரளி 800 எனக் கணக்கை ஒப்புவித்துவிட்டு அவன் ஒன்று கேட்டான்:

“மற்ற முனையில நிண்டவன்ர உழைப்பை ஆரடா கணக்கெழுதினது?”

நல்ல கேள்வி. கூடைப்பந்தாட்டத்தில் அதற்குக் கணக்குண்டு. பந்தைக் கூடையில் இட்டவனுக்குப் புள்ளி போலவே, இடுவதற்கு வழங்கியவனுக்கும் ஏட்டிலே ஒரு நிரல் இருக்கிறது. யூட்டா அணியின் ஸ்டொக்டன் அவ்வாறு வழங்கியவை 15,806. அவற்றுட் பெரும்பங்கை வாங்கிப் புள்ளியாக்கியவர் மலோன். பதினெட்டுப் பருவங்கள் சேர்ந்தாடியும் கிண்ணம் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1997இலும் 1998இலும் இறுதிப் போட்டியில் வழிமறித்தவர்கள் அந்த ஜோர்டனும் பிப்பனுமே. கிரிக்கெட்டிலோ, ஒரு முனையில் ஓட்டத்தை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் விக்கெட் விழ வழி செய்தவனுக்கு ஏட்டில் இடமில்லை. வாஸ் பல நாட்கள் செய்தது அவ்வேலைதான்.

எனினும் எமது வாக்கு அம்மூவரும் சொல்லாத வேறொரு சோடிக்கே. ஆட்ட ஏட்டில் “பிடி: மகேல, பந்து: முரளி” என்று 77 தடவை எழுதப்பட்டிருக்கிறது. டெஸ்ட் வரலாற்றில், விக்கெட் காப்பாளரல்லாத வேறெவரும் ஒரே பந்துவீச்சாளருக்கு இத்தனை பிடி எடுத்ததில்லை. முரளியின் பந்து எப்பக்கம் திரும்புமென்று துடுப்பாட்டக்காரரே தடுமாறினர். ஸ்லிப்பில் நின்றவரோ, மணிக்கட்டைப் பார்த்தே அதனை அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின் குனிந்த நிலையிற் கண்ணிமைக்காது காத்திருக்கவும் வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குப் படாத உழைப்பு அது.

2010 ஜூலை 22ஆம் நாள் காலியில் நடந்ததை அறியாதார் யார்? 792 விக்கெட்டுகளுடன் தமது இறுதி டெஸ்டில் இறங்கியவர், எட்டாவதற்காக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. இந்தியாவின் கடைசி விக்கெட் இலகுவில் விழவில்லை. முடிவில் ஓஜாவின் துடுப்பில் உரசிய பந்து ஸ்லிப்புக்குச் சென்றது. அங்கே நின்றவர் மகேல. அதுவே முரளி டெஸ்டில் வீசிய கடைசிப் பந்துமாகும். கண்டித் தமிழர் ஒருவர் வீச, கொழும்புச் சிங்களவர் ஒருவர் ஏந்திய அந்தப் பந்தின் செய்தி வந்தபோது வன்னி மக்களுட் பலர் இன்னும் செட்டிகுளம் முகாம்களிலே இருந்தனர். ஊர் மீண்டவர்களும் தகரக் கொட்டில்களில் ஒதுங்கியிருந்தனர். அந்நாளில் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவரும் உண்டு, மகிழ மனமற்றவரும் உண்டு. இரு சாராரையும் நாம் குறை கூறோம். இரண்டாண்டுகள் கழித்து, முரளியின் பெயர் தாங்கிய நல்லிணக்கக் கிண்ணத்துக்காகத் தென்னிலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் வந்து எம் பிள்ளைகளுடன் ஆடினர்.

சந்தியில் வாதாடிய மூவரும் அந்தப் பந்து வீசப்பட்ட நாளில் தாய்மடி விட்டிறங்கியிருக்க மாட்டார்கள். இந்த 77ஐ அவர்களிடம் சொல்ல நாம் வாயெடுக்குமுன் முல்லைத்தீவுப் பேருந்து வந்துவிட்டது. ஏறினார்கள். மிதிபலகையில் நின்றபடியும் மூன்றாமவன் பிப்பனை விட்டுக்கொடுக்கவில்லை.