எட்ட நின்று எடுக்கும் படமும் கிட்டச் சென்று எடுக்கும் படமும்

தமிழ்த்துறைக்கும் கேமராவுக்கும் என்ன உறவு என வினவுவோர் இன்றும் உளர். ஓலைச்சுவடி, கல்வெட்டு, நாட்டார் வழக்காறு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிற்காக ஒரு நாளேனும் களப்பணி ஆற்றியவர் இவ்வினாவை எழுப்பமாட்டார். சுவடியை வீட்டார் வெளியே கொடுத்தனுப்ப மாட்டார்கள். கல்வெட்டைப் பெயர்த்துக்கொண்டு வர இயலாது. தாலாட்டுப் பாடும் மூதாட்டியைக் கல்லூரிக்கு அழைத்து வந்தால் பாட்டு வரலாம். அது பிறந்த திண்ணையும் தொட்டிலும் உடன் வாரா. ஆகவே படம் வேண்டும். அதனை எந்தக் கருவியால் எடுப்பது என்பதே கேள்வி.

எம் துறையில் இவ்வாண்டு இக்கேள்வி ஏட்டளவில் நில்லாது உண்மையாகவே எழுந்தது. துறையின் அலமாரியில் பழைய ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 ஒன்று உள்ளது. அதனை விற்றுவிட்டு, சட்டைப்பையில் அடங்கக்கூடியதும் நாற்பது மடங்கு ஜூம் உடையதுமான சிறு கேமரா ஒன்றை வாங்கலாம் என்பது இளம் ஆசிரியர் சிலரும் மாணவர் பலரும் முன்வைக்கும் கருத்து. அவர்தம் வாதம் வலுவற்றதன்று. எனினும் நான் அதற்கு உடன்படவில்லை. அதற்கான காரணங்களை மாணவரும் பெரியோரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் எழுதுவது பொருத்தம் எனக் கருதுகிறேன்.

முதலில் பழைய கருவியின் குலத்தைச் சிறிது அறிதல் நலம். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது தொலைவை அளந்து தெளிவு காணும் முறை. கேமராவின் முகப்பில் ஒன்றற்கொன்று சிறிது விலகி இரு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் கண்பார்க்கும் துளையின் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி, ஒன்றிவிட்ட அக்கணத்தில் காட்சி தெளிவாகப் பதியும். 1932இல் வெளிவந்த இரண்டாம் லைக்கா, இவ்வமைப்பை லென்ஸோடு இணைத்துத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. 1954இல் வந்த லைக்கா எம்3, காட்சி காணும் துளையையும் தொலைவு காணும் துளையையும் ஒன்றாக்கியது. டிஜிட்டல் காலத்தில் இம்மரபை முதலில் தொடர்ந்தது 2004இல் வந்த எப்சன் ஆர்-டி1. லைக்காவின் எம்8 அதன்பின் 2006இல் வந்தது.

எம் துறையின் எக்ஸ்100 இக்குலத்தில் நேராகப் பிறந்ததன்று. அது ரேஞ்ச்ஃபைண்டரின் வேடம் பூண்டது. 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் அறிவிக்கப்பெற்று, 2011இல் விற்பனைக்கு வந்தது. உருவமும் மேற்புறத் திருகுகளும் ஓரத்துச் சாளரமும் பழையன. பிம்பங்கள் ஒன்றும் அமைப்பு மட்டும் இல்லை. அதற்கு ஈடாக, முகப்பிலுள்ள சிறு நெம்பைத் தட்டினால், கண்ணாடி வழியே நேர்காட்சியையோ மின்திரைக் காட்சியையோ மாறி மாறிக் காணலாம். லென்ஸ் ஒன்றே ஒன்று. கழற்றவும் இயலாது, நீட்டவும் இயலாது. பழைய ஃபிலிம் கேமராவின் 35 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அகலத்தை அது காட்டும். வேண்டுமெனில் நீங்கள்தாம் முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

மற்றொன்றுக்குச் சான்றாக, 2018இல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் என்பதைக் கொள்வோம். ஏறத்தாழ 300 கிராம் எடை. ஃபிலிம் கணக்கில் 24 மில்லிமீட்டர் முதல் 960 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம். நாற்பது மடங்கு என்றால் வெறுங்கண்ணால் காண்பதைவிட நாற்பது மடங்கு பெரிதாகக் காட்டும் என மாணவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது அவ்வாறன்று. நெடுங்கோடியை அகலக்கோடியால் வகுத்தால் கிட்டும் எண் அது. 960ஐ 24ஆல் வகுத்தால் 40. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண்ணின் பொருள் இவ்வளவே. ஆயினும் இத்துணைச் சிறு பெட்டிக்குள் இத்துணை நெடுமையை அடக்கியது பொறியியல் திறம் என்பதில் ஐயமில்லை.

எவ்வாறு அடக்கினர்? இங்கேதான் கருத்தூன்ற வேண்டும். ஃபிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியை உணரும் தகடு உள்ளது. எக்ஸ்100இல் அத்தகடு ஏறத்தாழ 23.6 மில்லிமீட்டர் நீளமும் 15.8 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சிறு ஜூம் கேமராவில் ஏறத்தாழ 6.2க்கு 4.6. பரப்பளவில் முன்னது பின்னதைப்போல் சுமார் பதின்மூன்று மடங்கு. தகடு சிறிதானால் லென்ஸும் சிறிதாகலாம், பெட்டியும் சிறிதாகலாம். ஆனால் மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவை வைப்பதும் குவளையை வைப்பதும் ஒன்றாகா. எக்ஸ்100 தன் பெரிய தகட்டை 1.23 கோடிப் புள்ளிகளாகப் பகுத்துக்கொள்ள, ஜூம் கேமரா தன் சிறிய தகட்டை 2.03 கோடியாகப் பகுக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டும் ஒளி மிகக் குறைவு. கூடத்தின் அரையிருளில் படம் எடுத்தால் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் எழும். அவற்றை நீக்க, கேமரா தானே படத்தைத் தேய்த்து மெழுகுகிறது. முகம் வழவழப்பாக வரும், பார்ப்போர் மகிழ்வர். மெழுகும் முன்னிருந்த மூலப்பதிவைக் கேட்டுப் பெறவும் அந்தக் கேமராவில் வழியில்லை. எக்ஸ்100 மூலப்பதிவைத் தரும்.

முகத்தை மெழுகினால் கேடில்லை. எழுத்தை மெழுகினால் என்னாகும்? சுவடிப் பயிற்சி உடையோர் இதனை உடனே உணர்வர். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரமோ ஏகாரமோ, ஒகரமோ ஓகாரமோ என்பதை இடம் நோக்கி நாமே துணிய வேண்டியுள்ளது. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாய் நிற்கும். ஏற்கெனவே இத்துணை மயக்கம் உள்ள இடத்தில், எழுத்தாணியின் மெல்லிய கீறல் ஒன்றைத் தூசு என எண்ணிக் கேமரா அழித்துவிடுமாயின், பிறகு பாடவேறுபாட்டை ஆராய்வோர் எவருடைய பாடத்தை ஆராய்வர்? எழுதினவருடையதையா, கேமராவுடையதையா?

அரபுத்தமிழ் ஏடுகளில் இவ்விடர் இன்னும் மிகுதி. அரபு எழுத்தில் ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் பா. மேலே இரண்டு இட்டால் தா. மூன்று இட்டால் ஸா. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க நம் முன்னோர் மேலும் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டனர். பழுத்துப்போன தாளில் மங்கிய மையால் இட்ட அப்புள்ளி, படத்தில் ஊசிமுனை அளவே இருக்கும். அதுவே எழுத்து. இத்தகைய ஏடுகள் இன்னும் சில வீடுகளின் பெட்டிகளில் உள்ளன. ஒருமுறை திறந்து காட்டுவார்கள்; மறுமுறை செல்லும்போது பெட்டியும் இருக்கும், ஏடு பொடிந்திருக்கும். அந்த ஒரு முறையில் எடுக்கும் படம் தேறியாக வேண்டும்.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தையும் மறைக்கலாகாது. கோபுரத்தின் ஐந்தாம் நிலையிலுள்ள சுதைச் சிற்பத்தையோ, பள்ளிவாசல் மண்டபத்து உயர்ந்த உத்தரத்தில் பொறித்த வரியையோ எக்ஸ்100 கொண்டு எடுத்தால் கடுகளவாக வரும். சங்க இலக்கியம் பேசும் குருகை மாணவர்க்குக் காட்ட விழைவோர் அதனைக் கையில் எடுக்கவே வேண்டா; நெருங்குமுன் பறவை பறந்துவிடும். இவ்விடங்களில் ஜூம் கேமராவுக்கு மாற்றில்லை. கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும் அதில் உண்டு. எக்ஸ்100இல் அது இல்லை. ஆனால் ஜூமின் கடைக்கோடியில் ஒளிபுகு துளை எஃப் 6.9 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அவ்வளவு சிறிய துளை வழியே வரும் ஒளி தன் இயல்பாலேயே சிறிது விரிந்து பரவும். அப்பரவல் அச்சிறு தகட்டின் புள்ளி ஒன்றைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே 2.03 கோடிப் புள்ளிகளும் அங்கே முழுப்பயன் தருவதில்லை. மேலும் கண்வைத்துப் பார்க்கும் துளை அதில் இல்லை. நம் ஊர் நண்பகல் வெயிலில் பின்புறத் திரையைப் பார்த்துச் சட்டகம் அமைப்பது பெரும்பாலும் குருட்டாம்போக்கே.

கைபேசி போதாதா என்பாரும் உளர். உலகச் சந்தை அவ்வாறே தீர்ப்பளித்துவிட்டது. 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020இல் ஒரு கோடிக்கும் குறைவு. ஆயினும் மேலே கூறிய மெழுகுவேலையில் கைபேசி இன்னும் கைதேர்ந்தது என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன்.

இதுகாறும் கூறியவை கருவியைப் பற்றியவை. என் மறுப்புக்கு முதன்மையான காரணம் வேறு. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 960 மில்லிமீட்டர் ஜூம், நூறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ மூன்றேமுக்கால் மீட்டர் அகலமுள்ள காட்சியைச் சட்டகத்தில் நிரப்பும். ஒரு வீட்டு வாயிலும் திண்ணையும் அதில் அமர்ந்தவரும் எனக் கொள்க. அதே அகலத்தை எக்ஸ்100இல் நிரப்ப, நான்கு மீட்டருக்கும் குறைவான தொலைவில் நிற்க வேண்டும். ஒருவர் தெருக்கோடியில் நிற்கிறார்; மற்றவர் வாசலில் நிற்கிறார். வாசலில் நிற்பவர் ஸலாமோ வணக்கமோ சொல்லாமல் இருக்க முடியாது.

சென்ற ஆண்டு கடற்கரையூர் ஒன்றில் பாடல் சேகரிக்கச் சென்றோம். மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கொணர்ந்த ஜூம் கேமராவால், தெருமுனையில் நின்றவாறே, வாயிற்படியில் பாய் முடைந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் படம் எடுத்தார். படம் அழகாகவே இருந்தது. பின்னர் நாங்கள் அவ்வீட்டை அடைந்தபோது, மகிழ்வார் என எண்ணி, மாணவர் அதனை அவரிடமே காட்டினார். படத்தில் அவர் தலைத்துணி நழுவியிருந்தது. அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏன் தம்பி, கிட்ட வந்து கேட்டா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார். குரலில் சினம் இல்லை. மாணவர் படத்தை உடனே அழித்துவிட்டார். தேநீரும் கிடைத்தது. அன்று அவர் பாடவில்லை. அவ்வூரில் அப்பாடல்களை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே என எங்களை வழிநடத்தியவர் கூறினார்.

பண்பில்லாதவன் கையில் எக்ஸ்100 இருந்தாலும் கேளாமலே எடுப்பான் அன்றோ என நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். உண்மை. கருவி எவருக்கும் பண்பைக் கற்பிக்காது. ஆனால் நான்கு மீட்டரில் எடுத்தால் எதிரே இருப்பவர் அதனைக் காண்பார். வேண்டாம் எனக் கை அசைக்கலாம். எழுந்து உள்ளே போகலாம். நூறு மீட்டருக்கு அப்பால் அவருக்கு அவ்வுரிமை இல்லை. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதித்தது. ஒருவர்தம் உள்வாழ்வைப் பொதுவில் பாடலாம், ஆனால் இன்னார் என அடையாளம் காட்டலாகாது என்னும் நாகரிகத்தை இலக்கணமாகவே வகுத்த மொழி நம்முடையது. அம்மொழியைக் கற்பிக்கும் துறை, அறியாமல் எடுத்த முகங்களைத் தொகுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தைப்பது முறையா?

நெருங்கி எடுப்பதில் ஆய்வுப் பயனும் உண்டு. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் முகம் இருக்கும். பின்னணி தட்டையாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அருகில் அகன்ற லென்ஸால் எடுத்தால், மூதாட்டியோடு கோரைக்கட்டும், சாயம் நனைத்த கிண்ணமும், நிலைப்படியின் வேலைப்பாடும், எட்டிப்பார்க்கும் பேரக்குழந்தையும் உடன் வருவர். வழக்காற்றியல் மாணவர்க்கு வேண்டியது இதுவே. ஊர் ஊராய் அலைந்து சுவடி தேடிய உ.வே. சாமிநாதையர் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நின்று கேட்டே பெற்றார் என்பதை நம் மாணவர் தேர்வுக்காகவேனும் படித்திருப்பர்.

பழைய கருவியில் குறைகள் பல என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. தெளிவைத் தேடிப் பிடிப்பதில் அது மந்தம்; ஓடும் குழந்தையை அதனால் எடுப்பது அரிது. மிக அருகில் துளையை முழுதும் திறந்து எடுத்தால் படம் பூசினாற்போல் வரும். சுவடிக்கு எஃப் 5.6 அல்லது 8 வரை சுருக்கி, கேமராவைத் தாங்கியில் நிறுத்தி எடுக்க வேண்டும். ஓரத்துச் சாளரம் வழியே பார்ப்பதற்கும் லென்ஸ் பார்ப்பதற்கும் அண்மையில் இடம் விலகும் ஆதலின், அப்போது மின்திரைக் காட்சியையே நம்ப வேண்டும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. பத்து நிமிடத்தில் மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அடுத்த வடிவமான எக்ஸ்100எஸ் 2013இன் தொடக்கத்தில் வந்த பின்னரும், அவ்வாண்டு அக்டோபரில் பழைய எக்ஸ்100க்கெனத் தனியே மென்பொருள் திருத்தம் வெளியிட்டனர்; அதனால் தெளிவு காணும் வேலை சற்று எளிதாயிற்று.

ஆதலின் என் கருத்து இதுவே: பழையதை விற்கலாகாது. நிதி இடம் கொடுத்தால் ஜூம் கேமரா ஒன்றையும் வாங்கலாம். கோபுரத்துக்கும் உத்தரத்துக்கும் பறவைக்கும் அது பயன்படட்டும். அதனை எடுத்துச் செல்வோர் எதனைப் படம் எடுக்கப் போகின்றனர் எனப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் செல்லட்டும். மனிதரைப் பாடவும் பேசவும் கேட்கச் செல்லும் குழுவுக்கும், ஏடு பார்க்கச் செல்லும் குழுவுக்கும் எக்ஸ்100ஏ போகட்டும். ஆண்டு பல ஆனமையின் பேட்டரிகள் வலுக்குன்றும் காலம் இது. புதியன இரண்டும், சுவடிக்கு நேர்கீழாக நிறுத்தக்கூடிய தாங்கி ஒன்றும் வேண்டும். இவ்வாண்டுச் செலவுப் பட்டியலில் அவை ஜூம் கேமராவுக்கு மேலே எழுதப்பட வேண்டும் எனத் துறைக் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன்.